புற்றுநோய் இல்லை என்றார்கள்; அப்புறம் எதற்கு மறுபடியும் பெட் ஸ்கேன்?

கேள்வி: என் மனைவிக்கு 44 வயது. வறட்டு இருமல் விடாமல் இருந்ததால் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். மார்புக்குள் நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருப்பதாகச் சொல்லி உடனே பெட் ஸ்கேனும் எடுத்தார்கள். அறிக்கையில் ‘எஸ்.யு.வி. 11.4, புற்றுநோயா என்று உறுதிசெய்ய வேண்டும்’ என்று இருந்தது. பயாப்ஸி செய்து, புற்றுநோய் இல்லை, சார்காய்டோசிஸ் என்றார்கள். ஆறு மாதமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார். இருமல் நின்றுவிட்டது. ஆனால் சர்க்கரை ஏறி, இப்போது மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். இந்த நிலையில் மறுபடியும் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். அது புற்றுநோய்க்கான ஸ்கேன்தானே? எங்களிடம் எதையாவது மறைக்கிறார்களா? 11.4 என்பது மோசமான எண்ணா? இவ்வளவு கதிர்வீச்சு உடம்புக்குத் தேவையா? வீட்டில் தம்பியின் எட்டு மாதக் குழந்தை வேறு இருக்கிறது. மற்றபடி மனைவி நன்றாகத்தான் இருக்கிறார். எப்போதாவது நெஞ்சு படபடக்கிறது என்பார். போன மாதம் ஒருமுறை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். மாத்திரையால் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

பதில்: கேட்ட எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, படபடப்பும் தலைசுற்றலும், அதை மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். நடுவில் மயங்கி விழுந்தாலோ, படபடப்பு தொடங்கி நிற்காமல் நீடித்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் என்பது கீழே வரும். ஸ்கேன் வேண்டுமா வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்கும் அதில்தான் பாதி விடை இருக்கிறது.

சரி, பெட் ஸ்கேன் புற்றுநோய்க்கு மட்டுமா? எங்கள் அணு மருத்துவப் பிரிவில் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் புற்றுநோயாளிகள் என்பதால் அப்படி ஒரு எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் அந்த ஸ்கேனுக்குப் புற்றுநோயைத் தனியாக அடையாளம் காணும் திறமை எதுவும் கிடையாது. முதலில் கையில் ஓர் ஊசி போட்டார்கள் அல்லவா, அதில் இருந்தது எஃப்.டி.ஜி. குளுக்கோஸைப் போலவே இருக்கும் ஒரு பொருள். கூடவே ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டியிருக்கும். செல்கள் அதைச் சர்க்கரை என்று எடுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் ஒரு வேதிமாற்றம் நடக்கும். அதற்கு மேல் அதை எரிக்கவும் முடியாது, அது எளிதில் வெளியே வரவும் வராது. எங்கே நிறையத் தேங்குகிறதோ அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். அவ்வளவுதான் விஷயம். இந்த இடத்தில் இருக்கும் செல்கள் சர்க்கரையை வேகமாக எடுக்கின்றன என்று ஸ்கேன் சொல்லும். அந்தச் செல்கள் யார் என்று சொல்லாது.

புற்றணுக்கள் சர்க்கரையை ஏராளமாக விழுங்கும் என்பதை ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்திருந்தார். இருந்தாலும், 1976இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்கு எஃப்.டி.ஜி. செலுத்தியபோது ஆய்வாளர்கள் பார்க்க விரும்பியது மூளையை. புற்றுநோய் பிறகு வந்து சேர்ந்தது. வந்ததும் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. 1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் வளர்ந்த கட்டிகளை நுணுக்கமாகப் பார்த்தார்கள். கட்டிக்குள் இருந்த மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு அணுக்கள், பக்கத்தில் இருந்த புற்றணுக்களைவிட அதிக எஃப்.டி.ஜி.யை எடுத்திருந்தன. கிருமியோடோ வேறு எதனோடோ போராடுவதற்காகக் கிளர்ந்தெழுந்த எதிர்ப்பு அணுவுக்கும் சர்க்கரை நிறைய வேண்டும். சார்காய்டோசிஸ் என்பதே இந்த அணுக்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு, கிரானுலோமா எனப்படும் சிறு குவியல்களாக உட்கார்ந்துகொள்வதுதான். ஆகவே உங்கள் மனைவியின் முடிச்சுகள் படத்தில் ஒளிராமல் இருந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

11.4 பற்றி. எஸ்.யு.வி. என்பது, ஊசியில் போன மருந்து உடம்பு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் இருக்க வேண்டிய அளவைப் போல அந்த இடத்தில் எத்தனை மடங்கு இருக்கிறது என்ற கணக்கு. 2.5க்கு மேல் போனால் புற்றுநோய் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த விதி இன்னும் பல அறிக்கைகளில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. காசநோய், சில பூஞ்சைத் தொற்றுகள், சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய், சார்காய்டோசிஸ் எல்லாமே 10ஐத் தாண்டலாம். நுரையீரல் உறைக்குள் நீர் சேராமல் இருக்க டால்க் பவுடர் செலுத்தி ஒட்டவைப்பார்கள். அந்த இடம் பல ஆண்டுகள் கழித்தும் ஒளிரும். தடுப்பூசி போட்டுச் சில நாட்களில் ஸ்கேன் எடுத்தால் அந்தப் பக்கத்து அக்குள் முடிச்சுகள்கூட ஒளிரும். மறுபக்கம், கார்சினாய்டு போன்ற மெதுவாக வளரும் சில புற்றுக்கட்டிகள் மங்கலாகவே தெரியும். 8 மில்லிமீட்டரைவிடச் சிறிய புள்ளி எதுவாக இருந்தாலும் ஸ்கேன் அதைச் சரியாகப் பிடிக்காது. ஆக, எண்ணை வைத்து மட்டும் யாராவது நோய்க்குப் பெயர் வைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மருத்துவர் அப்படிச் செய்யவில்லை; பயாப்ஸி எடுத்தார். அதுதான் முறை.

இன்னொன்று. அந்த எண் நோயை மட்டும் பொறுத்தது அல்ல. உடல் எடை, அன்றைய ரத்தச் சர்க்கரை, ஊசி போட்டு எத்தனை நிமிடத்தில் படம் எடுத்தார்கள், எந்த இயந்திரம், எல்லாம் சேர்ந்துதான் அது அமைகிறது. நோயில் மாற்றமே இல்லாவிட்டாலும் 10 சதவீதம் ஏறி இறங்கலாம். 11.4 அடுத்த முறை 10.5 என்று வந்தால் மகிழ்வதற்கோ, 12.3 என்று வந்தால் கலங்குவதற்கோ எதுவும் இல்லை. கல்லீரல் ஒளிரும் அளவோடு ஒப்பிட்டால் முடிச்சுகள் எப்படி இருக்கின்றன, புதிய இடங்களில் பரவியிருக்கிறதா என்பதை அறிக்கை எழுதுபவரிடம் கேளுங்கள்.

மறைக்கிறார்களா என்றால், நீங்கள் எழுதியதில் அப்படி நினைக்க எதுவும் இல்லை. மார்பின் இரண்டு பக்கமும் முடிச்சுகள் இருந்தனவா, பயாப்ஸியில் ‘அழுகல் இல்லாத கிரானுலோமா’ என்று எழுதியிருந்ததா என்று மட்டும் பழைய தாள்களில் பாருங்கள். இரண்டும் இருந்தால் சார்காய்டோசிஸ் என்ற முடிவுக்கு வலு அதிகம். ஆனால் ஸ்டீராய்டில் முடிச்சு சுருங்கியதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றும் ஸ்டீராய்டுக்குக் கொஞ்ச காலம் சுருங்கும். மருந்தைக் குறைக்கும்போது முடிச்சுகள் மட்டும் வேகமாகத் திரும்ப வளர்ந்தால், மறுபடியும் பயாப்ஸி எடுப்பதுதான் சரி. பெட் ஸ்கேன் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது, இரண்டுமே ஒரேபோல ஒளிரும்.

காசநோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயாப்ஸி எடுத்தபோது கல்ச்சருக்கும், அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும், அனுப்பியிருப்பார்கள். காசநோய்க் கிருமி மெதுவாக வளரும், அதனால் இறுதி முடிவு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் நோயாளி மருந்தோடு வீட்டுக்குப் போய்விடுவார், அந்தத் தாளை யாரும் வாங்கவே மாட்டார்கள். போய்க் கேட்டு வாங்குங்கள். அடையாளம் காணப்படாத காசநோய்க்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நோய் பெருகும். காசநோயையும் சார்காய்டோசிஸையும் பெட் ஸ்கேனால் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்தை முழுசாகச் சாப்பிட்டு காசநோய் குணமான பிறகும் ஸ்கேனில் நுரையீரல் ஒளிரலாம். 2016இல் வெளியான ஒரு தென்னாப்பிரிக்க ஆய்வில், வெற்றிகரமாகச் சிகிச்சை முடித்த பலரிடம் அப்படித்தான் இருந்தது. காசநோய் குணமாகிவிட்டதா என்று பார்க்க எங்களிடம் அனுப்பப்படுகிறவர்களை, முதலில் சளிப் பரிசோதனை முடிவோடு வரச் சொல்வேன்.

அப்படியானால் புற்றுநோய் அல்லாத மார்பு நோய்களில் இந்த ஸ்கேன் எதற்குத்தான் உதவும்? சி.டி. அடுப்பு இருக்கும் இடத்தைக் காட்டும், பெட் அதில் நெருப்பு எரிகிறதா என்று காட்டும். பல ஆண்டு சார்காய்டோசிஸில் சிலருக்கு நுரையீரல் தழும்பேறிவிடும். மூச்சு வாங்குகிறது என்று வருகிறவரிடம் இருப்பது ஆறிப்போன தழும்பு மட்டுமா, உள்ளே அழற்சி இன்னும் நடக்கிறதா என்று சி.டி.யை வைத்துச் சொல்வது கடினம். ஆறிய தழும்புக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பயன் இல்லை. நடக்கிற அழற்சிக்குக் கொடுத்தால் பயன் உண்டு. அங்கே பெட் ஸ்கேன் ஒரு நல்ல கருவி. பயாப்ஸிக்கு எளிதில் எட்டும் இடம் வேண்டும் என்றாலும் உதவும். மார்புக்குள் ஊசி விடத் தயங்கும்போது கழுத்திலோ தொடை இடுக்கிலோ ஒளிரும் ஒரு முடிச்சு கிடைத்தால் வேலை சுலபம். மகாதமனி போன்ற பெரிய ரத்தக் குழாய்களின் சுவர் அழற்சி, செயற்கை இதய வால்வில் தொற்று இருக்கிறதா என்ற சந்தேகம், இவற்றிலும் நன்றாகவே உதவுகிறது. இவற்றில் முதலாவதற்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன்போ தொடங்கிய சில நாட்களுக்குள்ளோ எடுத்தால்தான் மதிப்பு. தாமதித்தால் மருந்து நெருப்பை அணைத்து, ஸ்கேனும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும்.

காரணம் தெரியாமல் நுரையீரல் இறுகிப்போகும் நோயில் ஆராய்ச்சிக்காகப் பார்க்கிறார்கள். அன்றாடச் சிகிச்சையில் எஃப்.டி.ஜி.க்கு அங்கே இடம் இல்லை. சர்க்கரைக்குப் பதிலாக, தழும்பை உருவாக்கும் செல்களிலேயே போய் ஒட்டும் எஃப்.ஏ.பி.ஐ. என்ற புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருப்பது அவற்றைத்தான், ஆனால் அவை இன்னும் ஆய்வு நிலையில் இருக்கின்றன. புற்றுநோய் அல்லாத மார்பு நோய்களுக்கு எங்கள் துறை பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் சோதனை வேறொன்று: நுரையீரலுக்குள் காற்றும் ரத்தமும் போகும் வழிகளைத் தனித்தனியாகப் படம் பிடிக்கும் வி.க்யூ. ஸ்கேன். நுரையீரல் ரத்தக் குழாயில் பழைய ரத்த உறைவுகள் அடைத்து அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க இன்றும் முதலில் கேட்பது அதையே. இது உங்கள் மனைவிக்குத் தேவைப்படாது. பெட் தவிர வேறு ஸ்கேன்களும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது உங்கள் மனைவியின் இரண்டாவது ஸ்கேன். இருமல் நின்றுவிட்டது. மூச்சுப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் முன்பைவிட நன்றாக இருந்தால், முடிச்சுகள் எவ்வளவு அணைந்திருக்கின்றன என்று பார்ப்பதற்காக மட்டும் பெட் ஸ்கேன் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் மருத்துவரிடம் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஸ்கேன் ஒளிர்ந்தால் என்ன செய்வீர்கள், ஒளிராவிட்டால் என்ன செய்வீர்கள்?” இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடலாம். ‘சர்க்கரை ஏறிவிட்டது, ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமா, வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று முடிவெடுக்க வேண்டும்’ என்று அவர் சொன்னால் அது நியாயமான காரணம். எது எப்படியானாலும் ஸ்கேனுக்காக ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆறு மாதம் சாப்பிட்ட உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும், திடீரென நிறுத்துவது ஆபத்து.

ஆனால் அந்தப் படபடப்பு எல்லாவற்றையும் மாற்றுகிறது. சார்காய்டோசிஸ் இதயத் தசைக்குள்ளும் புகும். வெளிப்படையான அறிகுறிகளோடு இதயம் பாதிக்கப்படுவது சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான். அறிகுறியே இல்லாமல் ஒளிந்திருப்பது அதைவிட அதிகம் என்பது பிரேதப் பரிசோதனைகளில் தெரியவந்தது. இதயத் துடிப்பைக் கடத்தும் பாதையில் ஒரு கிரானுலோமா உட்கார்ந்தால் துடிப்பு தடுமாறும், தலை சுற்றும், சிலருக்கு முன்னறிவிப்பில்லாமல் உயிருக்கே ஆபத்தாகும். அறிகுறி எதுவும் இல்லாத சார்காய்டோசிஸ் நோயாளிக்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவைக்கலாம் என்று அமெரிக்கத் தொராசிக் சொசைட்டி 2020 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. உங்கள் மனைவிக்கு அறிகுறியே இருக்கிறது. ஸ்டீராய்டாலும் படபடப்பு வரலாம், சர்க்கரை ஏறி இறங்கினாலும் வரலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஆனால் மாத்திரையால் என்று நாமே முடிவு கட்டிவிட முடியாது. ஈ.சி.ஜி., எக்கோ, குறைந்தது 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர், இவை முதலில். சந்தேகம் மிஞ்சினால் அடுத்தது இதயத்துக்கான எம்.ஆர்.ஐ. அதற்குப் பிறகு, அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாத நிலையில், பெட்.

இந்த பெட் வேறு. போன முறை எடுத்த மாதிரி ஆறு மணி நேரம் சாப்பிடாமல் போய்ப் படுத்தால் இதயத்தில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் நல்ல இதயத் தசையும் சர்க்கரையை எடுக்கும். முழு இதயமும் ஒளிர்ந்தால் எது நோய், எது இயல்பு என்று யாராலும் சொல்ல முடியாது. இதயத்தைக் கொழுப்பை எரிக்கும் நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்கு முந்தைய நாள் மாவுச்சத்தும் சர்க்கரையும் அறவே இல்லாத, கொழுப்பும் புரதமும் மட்டுமான உணவு இரண்டு வேளையாவது சாப்பிட்டு, பிறகு இரவு முழுக்கப் பட்டினி. பல மையங்கள் 12 மணி நேரத்துக்கும் மேல் கேட்கும். தானியம், பால், பழம், கிழங்கு எதுவும் கூடாது. இருமல் சிரப், தொண்டைக்குச் சப்பும் மாத்திரை, சூயிங்கம் இவற்றிலும் சர்க்கரை உண்டு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். சாப்பிட்டதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். படம் குழப்பமாக வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான். ஒழுங்காகக் கடைப்பிடித்தும் சிலருக்கு இதயம் சர்க்கரையை விடாது. அப்போது இன்னொரு நாள் கூடுதல் நேரப் பட்டினியோடு மறுபடி எடுக்க நேரும். கூடவே இதயத் தசைக்கு ரத்தம் போவதைக் காட்டும் ஒரு படமும் எடுப்பார்கள், தழும்பு எங்கே என்று அறிய. ஆகவே, பெட் எடுப்பது என்று முடிவானால், “இதயத்துக்கான தயாரிப்போடு எடுக்கலாமா?” என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். ஒரே முறையில் முடிச்சுகளையும் இதயத்தையும் பார்த்துவிடலாம். இரண்டு முறை போக வேண்டியதில்லை.

சர்க்கரை விஷயத்தில் கவனம் தேவை. ஸ்டீராய்டோடு இருக்கும் ஒருவர் திடீரென இப்படிச் சாப்பிட்டுப் பட்டினி கிடக்கும்போது நீரிழிவு மருந்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஊசி போடும் முன் ரத்தச் சர்க்கரை பார்ப்பார்கள். 200க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வேறு தேதி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மெட்ஃபார்மின் குடலை ஒளிரவைக்கும், மார்புப் படத்துக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், தசைகள் ஒளிரும். குளிரில் நடுங்கினாலும் கழுத்தைச் சுற்றியுள்ள ஒருவகைக் கொழுப்பு ஒளிரும், அதனால் ஒரு போர்வையோ சால்வையோ எடுத்துப் போங்கள். போன முறை எடுத்த படங்கள் பதிவான குறுந்தகட்டையும் மறக்காதீர்கள், அறிக்கைத் தாள் மட்டும் இருந்தால் ஒப்பிட முடியாது. முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுப்பது நல்லது.

கதிர்வீச்சு: வழக்கமான அளவு எஃப்.டி.ஜி. ஊசியால் சுமார் 7 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). கூட எடுக்கும் குறைந்த அளவு சி.டி.யால் இன்னும் சில. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் கணக்கில் ஒரு ஸ்கேன் நாலைந்து ஆண்டுக்குச் சமம். இதயத்தில் நோய் இருக்கிறதா என்று அறிய இது மிகச் சிறிய விலை. சும்மா எண் குறைந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் என்றால் கொடுக்க வேண்டாத விலை. பழைய சி.டி. சமீபத்தில்தான் எடுத்தது என்றால் மீண்டும் முழு அளவு சி.டி. தேவையில்லை, குறைந்த அளவே போதும் என்று கேட்டுப் பாருங்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

குழந்தை விஷயம் எளிது. ஃபுளூரின்-18இன் கதிரியக்கம் ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகக் குறையும். ஆறு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும், சிறுநீரில் வெளியேறுவது தனி. ஸ்கேன் முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், அடிக்கடி சிறுநீர் கழிக்கட்டும். அன்று இரவு வரை குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளவோ பக்கத்தில் படுக்கவைக்கவோ வேண்டாம். எட்டிநின்று பேசலாம், ஒரே வீட்டில் இருக்கலாம். மறுநாள் காலை வழக்கம்போலத் தூக்கிக்கொள்ளலாம்.